மூன்றாமவரின் அக்கா

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? படியேறுவதைக் குறைக்கச் சொல். முகம் தெரியாத குரல் உனக்கு ஆகாது என்று நீ போனைத் தொடுவதில்லை; அதனால் எனக்கு எழுதித் தீர்க்க வேண்டியது நிறைய சேர்ந்துபோய்விடுகிறது.

நல்ல செய்தி முதலில். என் ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்துவிட்டது. எத்தனை வருடமாக எழுதித் திருத்தி, திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும். மனநோயோடு வாழ்கிறவர்களைப் பற்றி ஆயிரம் ஆய்வு வந்துவிட்டது. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்களைப் பற்றியும் வந்துவிட்டது. அதே வீட்டில் கூடவே வளர்ந்த அண்ணனையோ அக்காவையோ தங்கையையோ யாராவது உட்காரவைத்து, "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதுண்டா? நான் கேட்கப் போகிறேன். இந்த ஒரு ஆய்வாவது அவர்களுக்கு மட்டும்.

மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் துறைத் தலைவி புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருக்கிறார். இனிமேல் எந்த ஆய்வானாலும் நோயை அனுபவித்த ஒருவர் உடன் ஆய்வாளராக இருந்தே ஆக வேண்டுமாம். கேள்வி தயாரிப்பது முதல் அறிக்கை எழுதுவது வரை எனக்குச் சமமாக அவரும் பேசலாம். சம்பளம், மேஜை, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. கூட்டத்தில் நான் எழுந்து, "இது கூடப்பிறந்தவங்களைப் பத்தின ஆய்வு மேடம். இதுலயும் எதுக்கு அவங்க?" என்று கேட்டேன். தலைவி சிரித்துக்கொண்டே, "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான்மா தெரியும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

நீயே சொல். கண் எரியப் படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள் நான். பக்கத்தில் வந்து உட்காரப் போகிறவருக்கு ஒரே தகுதி, ஒரு காலத்தில் முடியாமல் படுத்துக் கிடந்தது. வீட்டில்தான் எல்லாம் அவர்களுக்கு என்றால் இங்கேயுமா?

உன்னைச் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ வேறு.

மாத்திரையை மறக்காதே.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பேசாமல் இருக்கிறது, அம்மாதான் பேசிக்கொண்டிருக்கிறாள். மாத்திரை போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அனுமதி கிடைத்த இடம் வரைக்கும். உடனே ஹாலில் தொங்கும் உன் பட்டமளிப்புப் படத்தை இறக்கித் துடைத்து மாட்டச் சொன்னாள். உனக்குத் தெரியாது, வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி ஒரு பிரசங்கம் உண்டு. போன வாரம் குழாய் ரிப்பேர்காரர் வந்தார். "பெரியவ. யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றா," என்றாள், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. அவர் என்னைக் காட்டி, "தம்பி என்ன பண்றாப்ல?" என்றார். "கண்ணாடிக் கடையில இருக்கான்," என்று சொல்லும்போது அம்மாவின் குரல் குழாய்க்குள் இறங்கிவிட்டது. உன்னை ஹாலில் மாட்டினாள், என்னை உள் அறையில் வைத்தாள். பொறாமைதான், உன்னிடம் மறைப்பானேன்?

கடையில் குறையில்லை. முதலாளி இப்போது பிரேம் சரிசெய்யும் வேலையை முழுக்க என்னிடமே விட்டுவிட்டார். நேற்று ஒரு பெரியவர் வந்து, "தூரத்துல இருக்கறதெல்லாம் பளிச்சுன்னு தெரியுது தம்பி, பக்கத்துல இருக்கறதுதான் தெரியல," என்றார். ஏனோ உன் ஞாபகம் வந்தது.

அந்த உடன் ஆய்வாளர் வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும்? ஆளை யார் தேர்ந்தெடுப்பார்கள்? உங்கள் ஊருக்கே வந்து தங்க வேண்டுமா? பெயர்ப்பலகை உலோகமா பிளாஸ்டிக்கா? சும்மாதான் கேட்கிறேன், முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் விசாரிக்கச் சொன்னார்.

"நீ வேறு" என்று எழுதியிருந்தாய். எதில் வேறு என்று எழுதவில்லை.

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? எனக்கு ஒரு வாரமாகத் தலைவலி. காரணம் எழுதுகிறேன். உன் முதலாளிக்குத் தெரிந்தவரிடம் பெயர்ப்பலகை பிளாஸ்டிக்தான் என்று சொல். படிப்பு பெரிதாக வேண்டாம், இந்த ஊருக்குத்தான் வர வேண்டும், பத்திரிகையில் விளம்பரம் வந்து காலக்கெடுவும் முடிந்துவிட்டது.

விண்ணப்பித்தவர்களில் மூன்று பேர் மிச்சம். வேண்டியவர் வேண்டாதவர் பேச்சு வரக்கூடாது என்பதற்காகப் பெயர், ஊர், வேலை, ஆணா பெண்ணா எதையும் தேர்வுக் குழுவுக்குச் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் ஒரு இளைஞன் இருக்கிறான், காதில் எந்நேரமும் பென்சில் செருகியிருப்பதால் பென்சில் என்றே கூப்பிடுகிறோம். அவன் மூன்று பேரையும் அவரவர் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்கு வாயால் சொன்னான். முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று.

முதல் இரண்டு பேரும் பரவாயில்லை ரகம். மூன்றாமவர்தான் என் தலைவலி. இளவயதில் நோய் வந்து, காதில் யார் யாரோ பேசிக்கொண்டே இருந்து, பல மாதம் அறையை விட்டு வெளியே வராதவராம். பென்சில் சொன்னான்: "அவங்க அக்கா தினமும் சாயங்காலம் கதவுக்கு வெளிய உக்காந்து வாசிச்சுக் காட்டுவாங்களாம் மேடம். அதைக் கேட்டுட்டு இருக்கும்போது மட்டும் உள்ள பேசறவங்க அடங்கிடுவாங்களாம். 'அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வெளிய வந்தேன்'னு சொன்னாங்க." தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் கட்டுரையை வாசித்தபோது இதே தலைவி கொட்டாவி விட்டதை நான் மறக்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. நான் படித்துப் படித்துச் சொல்லியும் விளங்காததை முன்பின் தெரியாத ஒருவர் ஒரே வரியில் விளங்கவைத்துவிட்டார். நான் வரைந்த அட்டவணை எதற்கும் யாரும் கண்ணாடியைக் கழற்றியதில்லை. பென்சில்மீதும் பொறாமை. ஒரு மத்தியானம் முழுக்க அவனிடம் மனம்விட்டுப் பேசினாராம். கேட்பதே தொழிலாக இருக்கிற என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. நீகூட.

மூன்றாமவரை ஏனோ ஒரு பெண்ணாகவே நினைத்துக்கொள்கிறேன். நெடுநெடுவென்று, அழகாகப் பேசுகிறவளாக.

அம்மாவுக்கு முத்தம். மாத்திரையை மறக்காதே.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் தலைவலி போயிருக்கும் என்று நம்புகிறேன். மாத்திரை போட்டுவிட்டேன், இது என்னுடையது.

கடையில் கணக்கெடுப்பு நடப்பதால் நீளமாக எழுத நேரமில்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த அக்காவைப் பற்றி நீ என்ன நினைத்தாய்? மூன்றாமவரின் அக்காவை?

அம்மா அடுத்த அறையில் தூங்குகிறாளோ என்று நினைத்தேன், இல்லை. கால் விரலில் நடந்துகொண்டிருக்கிறாள். எனக்குச் சரியாகி இத்தனை வருடமாகியும் என் அறைப் பக்கம் வந்தால் இன்னும் அப்படித்தான் நடக்கிறாள்.

தம்பி


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இதென்ன கேள்வி, கடிதம் முழுக்க அதற்காகவே எழுதின மாதிரி?

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். மூன்றாமவர்மீது வந்த பொறாமையைவிட அந்த அக்காமீது வந்ததுதான் பெரிது. இத்தனை குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டைக் கதவடியில் தள்ளிவிட்டு ஓடுகிறவர்கள், சிநேகிதிகளை வீட்டுக்கே கூப்பிடாதவர்கள், கல்யாணம் செய்துகொண்டு கண்காணாத ஊருக்குப் போய்விட்டவர்கள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசித்துக் காட்டின அக்காவை நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு மட்டும் எங்கிருந்து அவ்வளவு பொறுமை வந்தது? அவளுக்குப் பரீட்சை இல்லையா, கோபம் இல்லையா? என்னைப் போல ஒருத்தியை அவள் பக்கத்தில் நிறுத்தினால் அப்புறம் பேச்சே வேண்டாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாமவருக்குத்தான் என் முதல் ஓட்டைப் போட்டேன். தொழில் வேறு, வயிற்றெரிச்சல் வேறு. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அந்த அக்காவே மண்டைக்குள் உட்கார்ந்திருந்தாள். உன்னிடம் பென்சில் வந்து கேட்டிருந்தால் நீ என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். உனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

அம்மாவைச் சாதாரணமாக நடக்கச் சொல். மாத்திரையை மறக்காதே.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், அம்மாவும் நலம். முதலில் உட்கார்ந்துகொள். உட்கார்ந்துவிட்டாயா?

பென்சில் வந்தான். வந்து என்னிடம் கேட்டான். பொது நூலகத்தின் பின்பக்கத்தில் ஒரு மர பெஞ்சு இருக்கிறதே, அங்கே உட்கார்ந்து பேசினோம். நல்ல பையன். பேச்சு மும்முரத்தில் காதில் இருந்த பென்சிலைத் தேடு தேடென்று தேடினான், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நெடுநெடுவென்று இல்லாததற்கு மன்னித்துவிடு. மூன்றாமவர் நான்தான். முதலாளிக்குத் தெரிந்தவரும் நான்தான். உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே பத்திரிகையில் விளம்பரத்தைத் தேடிப் பிடித்து எழுதிப்போட்டேன். முன்கூட்டியே சொன்னால் வேண்டாம் என்பாய். பயணம் ஒத்துக்காது, தூக்கம் கெடும் என்று என் உடம்பைக் காரணம் காட்டுவாய். சொந்தக்காரர் யாராவது அங்கே வேலை செய்கிறார்களா என்று ஒரு கேள்வி இருந்தது. உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன். அதை அலுவலகம் கடைசியில்தான் பார்க்குமாம்.

நீ அந்த அக்காவைப் புகழ்ந்து எழுதினதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டையே ஒருத்தி அடையாளம் கண்டுகொள்ளவில்லையே என்றிருந்தது.

எனக்கு இந்த வேலை வேண்டும், அக்கா. இத்தனை நாளும் எங்கே வேலை கேட்டாலும் அந்த வருடங்களை மறைத்துத்தான் கேட்டேன். "இடையில கொஞ்ச நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று யார் கேட்டாலும் ஒரு பொய் தயாராக வைத்திருப்பேன். முதல்முறையாக ஒருவர் அந்த வருடங்களுக்காகவே என்னைத் தேடி வந்திருக்கிறார்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நலம்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே தலைவியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அலுவலகம் திறந்து பார்க்கும்வரை காத்திருக்கவில்லை. தேர்வுக் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். என் ஓட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தார்கள், அப்போதும் நீதான் முதலில் நிற்கிறாய். வாழ்த்துகள்.

இப்போது விதியைக் கேள். தலைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்காவும் தம்பியும் ஒரே ஆய்வுல இருக்க முடியாது. ஆய்வு உங்களோடது, முடிவும் உங்களோடது. நீங்க இருந்தா ரெண்டாமவரைக் கூப்பிடறோம். அவர் வரணும்னா நீங்க வேற ஆய்வுக்குப் போகணும். ஜூன் வரைக்கும் யோசிங்க." யோசிக்க என்ன இருக்கிறது? இந்த ஒன்றுக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். நீயே விலகிக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு இருக்காது. ஒரு வரி எழுதிப்போட்டால் போதும்.

இன்னொன்று. நீ சொன்ன கதை சரியில்லை. அந்த அக்கா நான் இல்லை. நான் உனக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லை. விலங்கியல் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஹாலில் அம்மா அழுதுகொண்டிருப்பாள், அறைக்குள் நீ கத்திக்கொண்டிருப்பாய். எனக்கு மிஞ்சினது உன் கதவுக்கு வெளியே இருந்த நடை ஒன்றுதான். உன் சத்தம் என் காதில் விழக்கூடாது என்பதற்காகத் தொண்டை கிழியக் கத்திப் படித்தேன். உனக்காக இல்லை, உன்னை அமுக்குவதற்காக. இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டா பல்கலைக்கழகத்துக்குள் வரப்போகிறாய்?

அம்மா என்னை ஹாலில் மாட்டினாள் என்று பொறாமைப்பட்டாயே. சுவரில் தொங்குகிறவளுக்கு யார் சோறு ஊட்டினார்கள்? அந்த வருடங்களில் அம்மா என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா?" என்று கேட்டது எனக்கு ஞாபகமில்லை. அம்மா முழுசாக உனக்கு. டாக்டர் உனக்கு. வீட்டின் நிசப்தம் உனக்கு. இப்போது என் ஆய்வும் உனக்கா?

மாத்திரையை மறக்காதே.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? என் கடிதம் கிடைத்ததா? தபால்காரர் மாறிவிட்டாரோ என்று யோசிக்கிறேன். அம்மாவுக்கு போன் செய்தால், "நல்லாத்தான் இருக்கான், கடைக்குப் போறான் வர்றான்," என்கிறாள். அதையும் குசுகுசுவென்றுதான் சொல்கிறாள்.

சரியாகத் தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா? மாத்திரையை நிறுத்திவிடவில்லையே? டாக்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு வாயேன். மனம் ஏதாவது மாதிரி இருந்தால் மறைக்காமல் எழுது. நான் கிளம்பி வரட்டுமா?

இங்கே பென்சில் என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறான். தலைவி ஒன்றும் கேட்பதில்லை. என் அறையில் இரண்டாவது மேஜையைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். யாருக்கென்று தெரியாத மேஜை. எதிரில் உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை, அதன்மேல் புத்தகங்களை அடுக்கிவைத்திருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


மே 18

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், மாத்திரையும் போடுகிறேன். எனக்கு வந்திருந்தது கோபம். ஊரில் யாராவது கோபித்துக்கொண்டால், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்பார்கள். நான் கோபித்துக்கொண்டால் மட்டும் "மாத்திரை போட்டியா?" என்கிறீர்கள். கோபிக்கக்கூட எனக்கு டாக்டர் சீட்டு வேண்டுமா?

நீ உடைத்துச் சொன்னது எனக்குப் புதுசு என்று நினைத்தாயா? கதவின் இந்தப் பக்கம் இருந்தவனே நான்தான். பென்சிலிடம் நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், வேண்டுமானால் அவனையே கேள்.

"எங்கக்கா எனக்காகப் படிக்கல சார். என் சத்தம் தாங்காமத்தான் கத்தினா. ஒருநாள் கதவை ஒரு உதை உதைச்சு, 'வாயை மூடுடா, நாளைக்கு எனக்குப் பரீட்சை'ன்னா. வீட்ல மத்தவங்க எல்லாரும் என்னைச் சுத்தி குசுகுசுன்னு பேசுவாங்க. எனக்குள்ள பேசறவங்களும் குசுகுசுன்னுதான் பேசுவாங்க. எது உள்ள, எது வெளியன்னு எனக்குத் தெரியாது. அக்கா குரல் ஒண்ணுதான் நிச்சயமா வெளியில இருந்து வருதுன்னு தெரியும்."

பென்சில் உதையை விட்டுவிட்டு, பரீட்சையை விட்டுவிட்டு, உங்கள் கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி அழகாக்கிவிட்டான். படித்துக்கொண்டிருந்தவளை வாசித்துக் காட்டுகிறவளாக்கிவிட்டான். நீ அந்த அழகான அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய். எனக்கு அவளைத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்தவள் கதவை உதைத்தவள்தான்.

தவளையின் இதயம் மூன்று அறைகளைக் கொண்டது. இரண்டு மேலறைகள், ஒரு கீழறை. இன்றைக்கும் தலைகீழாக ஒப்பிப்பேன். எனக்குள் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும், தவளையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நீ ஆரம்பித்ததும் வாயடைத்துப் போவார்கள். நீ பரீட்சை முடிந்து படிப்பதை நிறுத்தின வாரம் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உனக்கு இன்னொரு பரீட்சை வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நீ எதற்காகப் படித்தாய் என்பது உன் பாடு. அது எனக்கு என்ன செய்தது என்பது என் பாடு. என்னுடையதைப் பொய் என்று சொல்ல உனக்கு உரிமை கிடையாது, எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும்.

அம்மா முழுசாக எனக்கு என்று எழுதியிருந்தாய். வந்து எடுத்துக்கொண்டு போ. கால் விரலில் நடக்கிற அம்மா, கதவோரம் நின்று மூச்சுச் சத்தம் கேட்கிற அம்மா. எனக்கு ஒரு தரம் தெரு கேட்க "என் பையன்" என்று சொல்கிற அம்மா வேண்டும். உன்னிடம் அவள் இருக்கிறாள். உன்னிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி அம்மாதான் கிடைத்திருக்கிறாள் போல.

"சாப்பிட்டியா என்று கேட்டது ஞாபகமில்லை" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது எனக்குத் தெரியாது. உள்ளே இருந்ததால் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வெளியே வந்த பிறகும் கேட்கவில்லையே.

நான் விலக மாட்டேன். நீ இருந்துகொண்டு என்னை வேண்டாமென்றால் கடைக்குப் போய்க்கொண்டே இருப்பேன், உன்னோடு பேசாமல் இருந்துவிடவும் மாட்டேன். ஆனால் வேண்டாம் என்பதை என் வாயால் சொல்லவைக்காதே.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவும் நீயும் நலம் என்று அம்மாவே சொன்னாள்.

பென்சிலைக் கேட்டேன். காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "உதைச்சதையெல்லாம் சொன்னா குழுவுல தப்பா எடுத்துக்குவாங்களோன்னு விட்டுட்டேன் மேடம்," என்றான். அவனை நன்றாகத் திட்டினேன். சாட்சி சொன்னவரின் பேச்சை அழகாக்குவது எங்கள் தொழிலில் எவ்வளவு பெரிய குற்றம் என்று கரடியாகக் கத்தினேன். தலைவி அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போனேன், போன சூட்டோடு முடிவையும் சொல்லிவிட்டேன்.

நீ வருகிறாய். நான் வேறு ஆய்வுக்குப் போகிறேன். காது மந்தமாகிப்போன முதியவர்கள் தனியாக எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்கிற ஆய்வு. சத்தம் போட்டுப் பேசுகிறவர்களுக்கு அங்கே நல்ல மரியாதை உண்டாம்.

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. உன் மேஜைமேல் இருந்த புத்தகங்களை எடுத்தபோது ஒவ்வொன்றையும் எடுக்க மனசு வரவில்லை. என் கேள்விகளை நீ திருத்துவாய், என் அறையில் நீ உட்காருவாய், கதவில் உன் பெயர் இருக்கும். நினைத்தாலே எரிகிறது. இந்த எரிச்சல் சீக்கிரத்தில் போகாது, சொல்லிவிட்டேன். ஆனால் எதிர் மேஜையில் இரண்டாமவர் வந்து உட்கார்ந்து, நான் தினமும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தேன். அது இதைவிட மோசமாக இருந்தது.

அம்மாவிடம் நீயே சொல். ஹாலில் நின்று சொல், சத்தமாக.

மாத்திரை என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். பழக்கதோஷம். கோபம் ஆறிவிட்டதா?

அக்கா


செப்டம்பர் 9

தம்பிக்கு,

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உன் கதவடியில் தள்ளுகிறேன். மத்தியானம் நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று பென்சில் சொன்னான். இங்கே நான் நலம், காது கேளாத பெரியவர்களும் நலம்.

உன் பெயர்ப்பலகை கோணலாக இருக்கிறது. தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். அம்மா அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி உயிரை வாங்குகிறாள், பெரிதாக்கி என் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறாளாம். இன்னொரு ஆணிக்குச் சுவரில் இடமிருக்கிறதா என்று கேட்டேன். "உன் படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டறேன்," என்றாள். பார்த்தாயா?

விஷயம் இதுதான். ஆய்வுக் குழுவில் இருக்கிறவர்கள் ஆய்வில் பதில் சொல்லக் கூடாது என்று நானே எழுதிய விதி ஒன்று இருக்கிறது. இப்போது நான் குழுவில் இல்லை. பென்சில் நேற்று வந்து, "மேடம், உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கலாமா?" என்றான். யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நாளைக் காலை, உன் அறைக்கு அடுத்த அறையில். சொந்தத் தம்பி உள்ளே வந்து உட்காரக் கூடாது, அதுவும் விதி. நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். கதவைச் சாத்துவதா வேண்டாமா என்பது பதில் சொல்கிறவளின் இஷ்டம். நான் சாத்தப் போவதில்லை.

தவளையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சத்தமாகத்தான் பேசுவேன்.

அக்கா